ஹம் ஹோங்கே காம்யாப், எந்த குவார்ட்டரில்?

கஷ்ட காலத்தில் மனசைத் தூக்கி நிறுத்த பாட்டு மாதிரி இன்னொன்று இல்லை. இதில் எனக்கு யாரோடும் சண்டை கிடையாது. சண்டை அதற்கடுத்த கேள்வியில்தான். அந்தப் பாட்டை யார் போடுவது?

என் கட்சி இது. கஷ்டப்படுகிறவன் தானே தேடிப் போட்டுக் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே கஷ்டப்படுகிறவன் முணுமுணுக்கலாம். கஷ்டத்தைக் கொடுக்கிறவன் போடக்கூடாது. அவன் போட்டால் அதற்குப் பெயர் சர்குலர். மெட்டுப் போட்ட சர்குலர்.

பி.காம். படித்துவிட்டு பாங்கில் லோன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு சங்கீதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. தாளம் போட்டால் பாட்டு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஆனால் எது டெபிட், எது கிரெடிட் என்று தெரியும். இந்த விவகாரத்துக்கு அது போதும்.

சில வருஷங்களாக எங்கள் ரெவ்யூ மீட்டிங்குகள் பாட்டோடு ஆரம்பிக்கின்றன. கிளை மேனேஜர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் 'ஹம் ஹோங்கே காம்யாப்'. கை தட்டிக்கொண்டே பாட வேண்டும். தட்டாதவர்களை மேடையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பாட்டு முடிந்ததும் திரையில் முதல் ஸ்லைடு: எந்தக் கிளை காசாவில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, சிவப்பில். (காசா என்றால் காசு இல்லை சாமி, நடப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு டெபாசிட்டுகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்.) 'ஒரு நாள் ஜெயிப்போம்' என்று இப்போதுதானே பாடினீர்கள், அந்த ஒரு நாள் மார்ச் 31-க்குள் வர வேண்டும் என்பார்கள். சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். சிரிக்காதவர்களையும் அதே ஆள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிப் பாட வைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்? ஹிந்தியில் எழுதியவர் கிரிஜா குமார் மாத்தூர் என்ற கவிஞர். மூலம் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடிய 'வி ஷல் ஓவர்கம்'. இதுவரைக்கும் குவிஸ் கேள்வி, பல பேருக்குத் தெரியும். அதற்கும் முந்தைய கதைதான் நம் கதைக்கு வேண்டியது.

1945 அக்டோபரில் தெற்கு கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் ஸ்டிரைக். ஸ்டிரைக் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். கூலி போதவில்லை, நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்பது புகார். 1946 வசந்த காலம் வரைக்கும் இழுத்தது. குளிரிலும் மழையிலும் வாசலில் மறியல். நாள் முடிந்து கலையும்போது லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி ஒரு பழைய சர்ச் பாட்டை எடுப்பாராம். அதில் 'நான்' என்று இருந்த இடத்தில் 'நாம்' வந்து உட்கார்ந்தது அந்த மறியல் கூட்டத்தில்தான் என்கிறார்கள். அவர் அதை மிக மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடுவார் என்பது பிற்பாடு எல்லோரும் நினைவுகூர்ந்த விஷயம். கை தட்டுகிற வேகம் அதில் இல்லை. நாளெல்லாம் நின்று கால் கடுத்தவர்களின் வேகம் அது.

அங்கிருந்து அந்தப் பாட்டு டென்னஸியில் இருந்த ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பள்ளிக்குப் போனது. அங்கே இசை சொல்லிக்கொடுத்த சில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டு பீட் சீகருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1959-ல் அதே பள்ளியில் ஒரு ராத்திரி போலீஸ் புகுந்தது. விளக்கை அணைத்து எல்லோரையும் இருட்டில் உட்கார வைத்துவிட்டுச் சோதனை போட்டார்கள். அந்த இருட்டில் ஜமீலா ஜோன்ஸ் என்ற 14 வயதுப் பெண், 'நாங்கள் பயப்படவில்லை' என்று புதிதாக ஒரு அடி சேர்த்துப் பாட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாடித்தான் ஆக வேண்டுமென்றால் இவ்வளவு சத்தமாகப் பாட வேண்டுமா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டாராம், கை நடுங்கிக்கொண்டே. பல வருஷம் கழித்து அவரே பேட்டியில் சொன்னது.

இப்போது எங்கள் கான்ஃபரன்ஸ் ஹாலை மறுபடி பாருங்கள். முதலாளியை எதிர்த்து வாசலில் உட்கார்ந்த பெண்கள் பாடிய பாட்டை, முதலாளி ஸ்தானத்தில் இருப்பவர் ஸ்பீக்கரில் போட்டு, ஏன் இன்னும் சத்தமாகப் பாடவில்லை என்று கேட்கிறார். எங்கள் பாஷையில் சொன்னால், வரவில் வர வேண்டியதைப் பற்றில் எழுதியிருக்கிறார்கள். ஆடிட்டில் மாட்டும்.

1983-லேயே குந்தன் ஷா இதைப் பிடித்துவிட்டார். 'ஜானே பி தோ யாரோ' படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஊழலைக் கண்டுபிடித்த இரண்டு அப்பாவி போட்டோகிராபர்கள் மேலேயே பழி விழுகிறது. கைதி உடையில் நடந்து வருகிறார்கள். பின்னணியில் இதே பாட்டு. நம்மைப் பார்த்து, கழுத்தை அறுப்பது போலக் கையால் சைகை காட்டுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் இதை ரெவ்யூ மீட்டிங்கில் போட ஒரு தைரியம் வேண்டும்.

'பாட்டு பாட்டுதானே, யார் போட்டால் என்ன, நல்லதைத்தானே சொல்கிறது' என்று என் நண்பர் ஒருவர் வாதம் செய்கிறார். அவரும் மேனேஜர்தான், ஆனால் ரீஜனல் ஆபீஸில் இருக்கிறார். அவருக்கு நான் சொல்கிற பதில் வாலியின் கதை.

தமிழ் படித்த எல்லோரும் கேட்ட கதைதான். வாலி சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்து வெறுத்து, ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு கட்டியிருந்த நேரம். பி.பி. ஸ்ரீனிவாஸ் பார்க்க வந்தார். சமீபத்தில் என்ன பாடினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார் வாலி. அவர் 'சுமைதாங்கி' படத்துக்காகப் பாடிய 'மயக்கமா கலக்கமா'வைப் பாடிக் காட்டினார். வாலி ஊருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நடந்தது தமிழ் சினிமா சரித்திரம். அந்தப் பாட்டை எழுதிய கண்ணதாசனுக்கே போட்டியாக வந்து உட்கார்ந்தார். மேடைக்கு மேடை அவரே சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது.

இதில் நான் பார்ப்பது வேறு. கண்ணதாசன் அதை வாலிக்காக எழுதவில்லை. 1962-ல் ஸ்ரீதர் ஒரு சூழ்நிலை சொன்னார், விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டுப் போட்டார்கள், இவர் எழுதினார். ஸ்ரீனிவாஸும் வாலியைத் திருத்துகிற உத்தேசத்தில் வரவில்லை. கேட்டதற்குப் பாடினார், அவ்வளவுதான். 'உனக்கு ஊக்கம் தரப்போகிறேன், உட்கார்' என்று சொல்லிவிட்டு ஆரம்பித்திருந்தால் வாலி அன்று சாயங்காலமே ரயில் ஏறியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பாட்டு முழுக்கத் தேடினாலும் வெற்றி என்ற பேச்சே வராது. குழப்பமா, நடுக்கமா என்று முதலில் விசாரிக்கிறது. நாம் வீட்டில் யாராவது முகம் வாடியிருந்தால் கேட்போமே, அப்படி. கஷ்டம் எல்லோர் வீட்டு வாசலிலும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறது. தாங்கினால் அமைதி கிடைக்கும் என்கிறது. ஜெயிப்பாய், சிகரம் தொடுவாய், மலையைப் புரட்டுவாய் என்றெல்லாம் கடன்பத்திரம் எழுதித் தரவில்லை. (உனக்குக் கீழே இருப்பவனைப் பார் என்கிற இடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடிக்கும். கீழே இருப்பவன் யாரைப் பார்ப்பான்? போகட்டும், கவியரசரோடு சண்டைக்குப் போகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.)

குத்துப்பாட்டு கேட்டால் உற்சாகம் வரவில்லையா, எம்.ஜி.ஆர். பாட்டு கேட்டால் நெஞ்சு நிமிரவில்லையா என்றால், வருகிறது, நிமிர்கிறது. நானும் காலையில் பஸ்ஸில் கேட்கிறேன். அது நல்லா இருக்கிறவனை இன்னும் நல்லா வைக்கிற பாட்டு. விழுந்து கிடக்கிறவன் காதில் அதைப் போட்டால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். சாவு வீட்டுக்குப் போய் 'கவலைப்படாதே' என்று சொல்கிறவரைப் பார்த்தால் வருமே, அந்த எரிச்சல்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கொல்கத்தாவில் பார்த்தேன்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது நான் இங்கே ஒரு கிளையில் இரண்டாவது ஆபீசர். 10-ஆம் தேதி கதவைத் திறந்ததும் உள்ளே வந்த கூட்டத்தை இப்போதும் கனவில் பார்க்கிறேன். சாப்பிடவில்லை, பாத்ரூம் போகவில்லை என்றெல்லாம் எழுதினால் புலம்பல் ஆகிவிடும். பாங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்கள் வரிசையில் நின்றிருப்பீர்கள், உங்களுக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய நோட்டை எண்ணிக் கட்டிக்கொண்டிருப்போம். எங்கள் ஹெட் கேஷியரை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்மூர் சினிமா தாதாவை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) ரிட்டயர் ஆக ஐந்தாறு வருஷம் இருந்த மனிதர். எண்ணும் மெஷின் சூடாகி நின்றுவிட்டால் கையால் எண்ணுவார். எண்ணும்போது மெதுவாகப் பாடுவார்.

என்ன பாட்டு என்று ஒரு நாள் கேட்டேன். சலில் சௌத்ரி எழுதி மெட்டமைத்து ஹேமந்த முகர்ஜி 1949-ல் பாடிய 'காயேர் போது'. கிராமத்து மருமகள் என்று வைத்துக்கொள்ளலாம். (சலில் சௌத்ரியை நமக்கும் தெரியும், பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசை அவர்தான்.) நெல்லும் குடித்தனமுமாகச் சந்தோஷமாக இருந்த ஒரு பெண்ணின் வீட்டைப் பஞ்சம் வந்து சூறையாடிவிட்டுப் போகிற கதை. 1943 வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாட்டு முடிகிற இடத்தில்கூட ஆறுதல் கிடையாது. இடிந்த குடிசைகளைப் பார்த்தால் அது அவள் ஆசைகளின் சமாதி என்று தெரிந்துகொள் என்கிற மாதிரி முடிகிறது.

இதைப் போய் இந்த நேரத்தில் பாடுகிறீர்களே தாதா என்றேன். அவர் கட்டைப் போட்டு ரப்பர் மாட்டிக்கொண்டே, 'என் அம்மாவும் இதைப் பாடிக்கொண்டேதான் மாவு பிசைவாள்' என்றார். அதற்கு மேல் விளக்கம் தரவில்லை. எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன். அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்த ஒரு ஜனம், தங்களுக்கு நடந்ததை யாரோ சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதிலேயே ஒரு பலத்தை எடுத்துக்கொண்டது. 1943-ல் தொடங்கிய இப்டா நாடகக் குழுக்காரர்கள் பம்பாய், பஞ்சாப் என்று ஊர் ஊராகப் போய் நிவாரண நிதிக்காகப் பாடியதும் இதே வகைப் பாட்டுத்தான். வங்காளம் பசியில் கிடக்கிறது என்று பாடித் துண்டை விரித்தார்கள். ஊக்கம் என்ற சொல்லே வராமல் அவர்கள் திரட்டிய ஊக்கம் கொஞ்சமா?

தாதா 2021 மே மாதம் கோவிட்டில் போய்விட்டார். அந்த இரண்டாவது அலையிலும் பாங்க் கவுண்டர் திறந்துதான் இருந்தது. அப்போது நான் வேறு கிளைக்கு மாற்றலாகியிருந்தேன். செய்தி வந்த இரண்டு மூன்று வாரத்தில் வீடியோவில் ரெவ்யூ மீட்டிங். அந்த ஒரு காலாண்டில் எங்கள் வட்டாரத்தில் மட்டும் எத்தனை கிளைகளில் எத்தனை பேர் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் மௌனம் இருக்கும் என்று நினைத்தேன். பாட்டுப் போட்டார்கள். அதே பாட்டு, கை தட்டலோடு. சின்னச் சின்னக் கட்டங்களில் அறுபது முகங்கள், மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு வாயசைத்தன. ஒரு லேடி மேனேஜர் கேமராவை அணைத்தார். உடனே அவர் கிளையின் பெயரைச் சொல்லி, கேமராவைப் போடுங்கள் என்றது ஒரு குரல். அவர் புருஷன் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாதா வீட்டில் நினைவுக் கூட்டம். இங்கே இது வழக்கம். படத்துக்கு வெள்ளைப் பூமாலை, ஊதுபத்தி, முன்னால் ஹார்மோனியம். புரோகிதர் மந்திரம் ஒரு நாள் என்றால், இன்னொரு நாள் தாகூர் பாட்டு. கொரோனா நேரமாகையால் பத்துப் பேர்தான், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். அவர் பெண் பாடினாள். இரண்டு இடத்தில் தொண்டை அடைத்து நின்றாள். யாரும் அவளைத் தட்டிக்கொடுத்து 'தைரியமாக இரு' என்று சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து அவளுடைய சித்தி எடுத்துப் பாட, இவள் மறுபடி சேர்ந்துகொண்டாள். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. வெளியே வந்தபோது, பல வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த நாள் கவுண்டரில் உட்கார முடிந்தது.

தாகூர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1905 வங்கப் பிரிவினை சமயத்தில் அவர் எழுதிய 'ஏக்லா சலோ ரே'யும் இப்போது எங்கள் பவர்பாயின்ட்டில் வந்துவிட்டது, 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பின் கீழ். காந்திக்கு மிகவும் பிடித்த பாட்டு. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நீ தனியாக நட என்பது விஷயம். கிளைக்கு ஆள் கேட்டு மூன்று கடிதம் போட்டவனிடம் 'தனியாக நட' என்ற பாட்டைப் போட்டுக் காட்டுவதற்கு இந்தியாவில் எங்கள் இலாகாவால் மட்டும்தான் முடியும்.

நம்மூர்ப் பாட்டும் தப்பவில்லை. தமிழ்நாட்டில் தன்னம்பிக்கைக் கூட்டம் என்றால் 'ஆட்டோகிராப்' படத்தின் 'ஒவ்வொரு பூக்களுமே' இல்லாமல் இல்லை. 2004-க்கான தேசிய விருது பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் வாங்கித் தந்த பாட்டு. (ஒவ்வொரு என்றால் பூ ஒருமையில் அல்லவா வர வேண்டும் என்று தமிழய்யாக்கள் போட்ட சண்டை தனி.) நல்ல பாட்டு, அதில் சந்தேகமில்லை. அந்தக் காட்சியில் தன் பார்வையற்ற இசைக்குழுவோடு வந்து பாடுவாரே கோமகன், அவரும் அதே 2021 மே மாதம் கோவிட்டில்தான் காலமானார். அதற்கு முந்தைய ஒரு வருஷமாகத் திருவிழா இல்லை, கல்யாணக் கச்சேரி இல்லை. மெல்லிசைக் குழுக்காரர்கள், நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர்கள் எல்லோருக்கும் வருமானம் நின்றது. அவர்கள் பாட்டை வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி 'நம்பிக்கை' என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அதே மாதங்களில். நம்பிக்கை நமக்கு, பட்டினி அவர்களுக்கு. இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மேலே இருப்பவர் பாடவே கூடாதா என்றால், பாடலாம். அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1965 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அந்தச் சுருட்டுத் தொழிலாளிகளின் பாட்டிலிருந்து அதே சொற்றொடரை நாடாளுமன்றத்தில் நின்று சொன்னார். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குச் சட்டம் கொண்டுவருகிறேன் என்று கேட்க வந்த பேச்சில் சொன்னார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அப்படிக் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்து பாடட்டும், நானே எழுந்து நின்று தட்டுகிறேன், தாளம் தப்பினாலும்.

அடுத்த மாத ரெவ்யூவுக்கு 'ஊக்கமூட்டும் பாடல்கள்' என்று ஒவ்வொரு கிளையும் மூன்று பாட்டு பரிந்துரைக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. எக்ஸெல் ஷீட்டில் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்: வரிசை எண், பாட்டு, மொழி, காரணம். நேற்று சாயங்காலம் நிரப்பி அனுப்பினேன். முதல் வரியில் ஒரு கேஷியர், இரண்டாவது வரியில் இரண்டு கிளார்க், மூன்றாவது வரியில் நோட்டு எண்ணும் மெஷின் ஒன்று, இப்போது இருப்பது 2016-ல் வாங்கியது. மொழி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.